பிரஷர் வாஷர்: பெட்டியில் போட்ட பாரும் உள்ளே இருக்கும் பம்ப்பும்

வீட்டுக்கு பிரஷர் வாஷர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் பார் எண்ணைத்தான். பார் என்பது தண்ணீர் அழுத்தத்தின் அளவு. 120, 150, ஏன், 200 பார் என்றுகூடப் போட்டு விற்கிறார்கள். அந்த எண்ணை வைத்து மெஷின் எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லவே முடியாது. எவ்வளவு நன்றாகக் கழுவும் என்பதைக்கூட அரைகுறையாகத்தான் சொல்லலாம். ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு: மோட்டார் எந்த வகை, பம்ப் ஹெட் (வால்வுகள் இருக்கும் பம்ப்பின் தலைப்பகுதி) எதில் செய்தது, அதற்கு நாம் கொடுக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஊரில் பெரும்பாலான மெஷின்கள் காலாவதி ஆகின்றன.

முதலில் அந்த பார் கணக்கை முடித்துவிடுவோம். பாரையும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பெருக்கி 0.6-ஆல் வகுத்தால் தண்ணீரில் இறங்கும் சக்தி வாட்டில் கிடைக்கும். "1600 வாட், 150 பார், 8 லிட்டர்" என்று ஒரு பெட்டியில் இருந்தால் 150 × 8 ÷ 0.6 = 2000 வாட். பிளக்கிலிருந்து எடுப்பதே 1600 வாட்தான் என்றால், தண்ணீருக்கு 2000 எங்கிருந்து வரும்? மோட்டார், கியர், பம்ப் எல்லாவற்றிலும் இழப்பு போக, சின்ன மெஷின்களில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்ல மெஷின். 1600 வாட்டில் 950 வாட் தண்ணீருக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6.5 லிட்டர் ஓட்டத்தில் அது ஏறத்தாழ 88 பார். கார், வாசல், சுற்றுச்சுவர்ப் பாசி எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

பெட்டியில் போடுவது பெரும்பாலும் உச்ச அழுத்தம், அதாவது ட்ரிகரை விடும் நொடியில் பம்ப்புக்குள் எழும் எண். வேலை செய்யும்போது இருக்கும் அழுத்தத்தை மெஷினின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தேடுங்கள். ஒழுங்கான தயாரிப்பில் இரண்டும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். சின்ன எண்தான் உங்களுக்குக் கிடைப்பது. ஸ்டிக்கரில் ஒரே ஒரு எண், அதுவும் பெட்டியில் உள்ள அதே பெரிய எண் என்றால் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மோட்டார் இரண்டு வகை. விலை குறைந்த, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மெஷின்களில் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார் இருக்கும். மிக்ஸியில் இருப்பதும் இதே வகைதான். மிக வேகமாகச் சுற்றி, கியர் வழியாக வேகத்தைக் குறைத்து பம்ப்பை ஓட்டும். அந்தக் கீச்சென்ற சத்தம் அதனால் வருவது. இன்னொன்று இண்டக்‌ஷன் மோட்டார். நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் வகை. பிரஷ் கிடையாது, நிமிடத்துக்கு 2800 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், சத்தம் கனமாக இருக்கும், காது கூசாது. கடையில் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் எடையைப் பாருங்கள். மெஷின் மட்டும் 5 முதல் 8 கிலோ என்றால் யுனிவர்சல். 15 கிலோவைத் தாண்டினால் அநேகமாக இண்டக்‌ஷன். விலை ஒன்றரை, இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

மாதம் இரண்டு முறை ஒரு காரும் இரண்டு பைக்கும் கழுவ யுனிவர்சல் மோட்டாரே போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண். ஆனால் அதைத் தொடர்ந்து 15, 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டலாம். 1000 சதுர அடி மொட்டை மாடியை ஒரே மூச்சில் கழுவ வேண்டும், வருடா வருடம் வெள்ளை அடிக்கும் முன் சுவர் முழுக்கப் பாசி எடுக்க வேண்டும் என்றால் இண்டக்‌ஷன் தான். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மோட்டாரின் காற்று ஓட்டைகள் வழியாகப் பெரிய தீப்பொறி தெரியும், ஓட்டம் விட்டுவிட்டு வரும், கருகிய வாடை அடிக்கும். பிரஷ் 5, 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். மிக்ஸி, ட்ரில்லிங் மெஷின் ரிப்பேர் செய்யும் கடைகளில் பழையதைக் காட்டினால் அதே அளவில் கிடைக்கும், அல்லது சற்றுப் பெரியதை உரசி அளவாக்கித் தருவார்கள். தேய்ந்த பிரஷோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிரஷ் உரசி ஓடும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்துவிடும், பிறகு புது பிரஷ் போட்டும் பயனில்லை.

இனி பம்ப். இரண்டு வகை மெஷினிலும் பம்ப் ஒன்றுதான்: சாய்வான தட்டு ஒன்று சுற்றும்போது மூன்று சின்ன பிஸ்டன்களை மாறி மாறித் தள்ளும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் உள்ளே விட ஒரு வால்வு, வெளியே விட ஒரு வால்வு, ஆக ஆறு. இதில் புரிந்துகொள்ள வேண்டியது, பம்ப் தானாக அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. சுற்றுக்கு இவ்வளவு என்று தண்ணீரைத் தள்ளுகிறது; தண்ணீரைப் பீய்ச்சும் முனையான நாசிலின் சின்ன ஓட்டை வழிமறிப்பதால் அழுத்தம் ஏறுகிறது. நாசில் ஓட்டை தேய்ந்து விட்டத்தில் 5 சதவீதம் பெரிதானால் அழுத்தம் ஏறத்தாழ 18 சதவீதம் குறையும். 10 சதவீதம் பெரிதானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மணல் கலந்த போர் தண்ணீரில் நாசில் தேய்வது சீக்கிரம். "மெஷின் பழசாயிடுச்சு, ஃபோர்ஸ் இல்ல" என்று மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் ஒரு நாசில் மாற்றிப் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. 20 லிட்டர் டிரம்முக்குள் நாசிலை விட்டு, டிரம்மின் வாயைத் துணியால் மூடி, சரியாக ஒரு நிமிடம் அடித்து எத்தனை லிட்டர் சேர்ந்தது என்று அளந்து பாருங்கள். ஸ்டிக்கரில் போட்ட ஓட்டம் கிட்டத்தட்ட வந்தும் அடி பலவீனமாக இருந்தால் கோளாறு நாசிலில். ஓட்டமே குறைவாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வால்வு, சீல், பைபாஸ் (ட்ரிகரை விட்டதும் தண்ணீரைப் பம்ப்புக்குள்ளேயே திருப்பிவிடும் வால்வு) மூன்றில் ஒன்றில் பிரச்சினை.

பம்ப் ஹெட் பிளாஸ்டிக், அலுமினியம், பித்தளை என்று மூன்று வகையில் வருகிறது. பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நல்ல பிளாஸ்டிக் ஹெட் துருப்பிடிக்காது, உப்பு அரிக்காது. ஆனால் கீழே விழுந்தால், உள்ளே தண்ணீர் உறைந்தால், அதிகம் சூடானால் வெடிப்பு விடும், விட்டால் ஒட்ட முடியாது. அலுமினியம் உறுதியானது, உப்புத் தண்ணீரில் மட்டும் உள்ளே குழி குழியாக அரிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், ராமநாதபுரம் பக்கம் எல்லாம் கரிப்புத் தண்ணீர்தான் என்றால் பித்தளை ஹெட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தண்ணீர் விஷயம்

இந்தப் பம்ப்பில் உள்ள ரப்பர் சீல்களுக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருவது உள்ளே ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் குறைந்து காற்று கலந்தால் சீல் சூடாகித் தேயும். வெறும் பம்ப்பை ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டினாலே சீல் கருகிவிடலாம். வெளிநாட்டில் வடிவமைக்கும்போது அழுத்தத்தோடு வரும் நகராட்சிக் குழாயை மனதில் வைத்துச் செய்கிறார்கள். நமக்கு இருப்பது ஓவர்ஹெட் டேங்க். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான். மாடி வீட்டில் டேங்க் 7 மீட்டர் உயரத்தில் இருந்து, தரையில் கார் கழுவினால் 0.7 பார் கிடைக்கும், பிரச்சினை இல்லை. அதே மெஷினை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், அங்கே ஒரு மீட்டர் மேடையில் நிற்கும் டேங்கிலிருந்து நீளமான அரை இஞ்ச் ஹோஸ் போட்டால் வருவது 0.1 பார். ஓட்டம் மெஷின் கேட்கும் அளவுக்கு விளிம்பில் நிற்கும், ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் அதுவும் வராது. மாடி கழுவும்போதுதான் பல மெஷின்கள் போகின்றன என்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே வாளிக் கணக்கு. மெஷினோடு இணைக்கும் அதே ஹோஸின் முனையில் 10 லிட்டர் வாளியை வைத்து நிரப்பிப் பாருங்கள். நிமிடத்துக்கு 6.5 லிட்டர் எடுக்கும் மெஷின் என்றால் குழாய் குறைந்தது 9 லிட்டராவது கொடுக்க வேண்டும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலை இல்லை. நிரம்பவில்லையென்றால் ஹோஸை முக்கால் இஞ்சுக்கு மாற்றுங்கள், நீளத்தைக் குறையுங்கள். அதுவும் முடியாவிட்டால் 100 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி, அதிலிருந்து மெஷினே உறிஞ்சிக்கொள்ள விடுங்கள். இதற்கு வசதி உள்ள மெஷின் என்று கையேட்டில் இருக்க வேண்டும். பொதுவாக அரை மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது, ஆகவே சம்ப்பிலிருந்து நேராக எடுக்க முயல வேண்டாம். டிரம் மெஷினின் மட்டத்திலோ சற்று உயரத்திலோ இருக்கட்டும். உறிஞ்சும் குழாய் சுருள் கம்பி வைத்ததாகவோ கெட்டியானதாகவோ இருக்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் உறிஞ்சும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். முனையில் சல்லடையும் ஒருவழி வால்வும் போட்டு, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பிவிட்டு இணைத்தால் காற்று போகாது.

எந்த வழியில் தண்ணீர் கொடுத்தாலும் ஸ்டார்ட் செய்யும் முறை ஒன்றுதான். நாசில் குழலைக் கழற்றிவிட்டு, ட்ரிகரை அழுத்தியபடி குழாயைத் திறந்து, குமிழி இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். அதன் பிறகு சுவிட்ச், அதன் பிறகு நாசில்.

கோடையில் கவனிக்க வேண்டியது வெப்பம். வீட்டு உபயோக மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மே மாத மதியத்தில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்குத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் கழுவுங்கள், காரில் உப்புத் திட்டு காய்வதும் குறையும்.

மணலுக்கு, மெஷினின் உள்வாயில் இருக்கும் சின்ன வலை ஃபில்டர் மட்டும் போதாது. வெளியே ஒரு பிளாஸ்டிக் குடுவை ஃபில்டர் மாட்டுங்கள், வலை வகையாக இருக்கட்டும். பஞ்சு ஃபில்டர் ஓட்டத்தைக் குறைத்து, சரிசெய்ய வந்த நோயைக் கூட்டும். உப்புக்கு ஃபில்டர் உதவாது. வேலை முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரையோ உப்புக் குறைந்த வேறு மென்னீரையோ (ஆர்.ஓ. ஃபில்டரின் கழிவு நீர் வேண்டாம்) பம்ப் வழியே ஓட்டிவிட்டு அணையுங்கள். வால்வுகளில் வெள்ளைப் பொருக்கு கட்டாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பொருக்கு கட்டிவிட்டது என்று பாத்ரூம் ஆசிட்டை உள்ளே ஓட்டுகிற யோசனையைச் சிலர் தருவார்கள். அலுமினிய ஹெட்டை அது தின்றுவிடும். பிளீச்சிங் கலந்த தண்ணீரும் சீல்களுக்கு ஆகாது. பாசிக்கு பிளீச்சிங் போடத்தான் வேண்டுமென்றால் தரையில் தனியாகத் தெளித்து, ஊறவிட்டு, பிறகு வெறும் தண்ணீரால் அடியுங்கள்.

கரண்ட்

1400 முதல் 1800 வாட் என்றால் 6 முதல் 8 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுவது நல்லது. கடையில் கிடைக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டி டி.வி.க்கு மட்டும்தான். 20 மீட்டர் நீளத்தில் 8 ஆம்பியர் எடுக்கும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 வோல்ட்டுக்குள் இழப்பு, 0.5 சதுர மில்லிமீட்டரில் 12 முதல் 15 வோல்ட். மாலையில் ஏற்கெனவே 200-க்கு இறங்கி நிற்கும் ஊரில் அந்த இழப்பு பெரிய விஷயம். யுனிவர்சல் மோட்டார் மெதுவாக ஓடித் தப்பித்துக்கொள்ளும். இண்டக்‌ஷன் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து வைண்டிங் சூடாகும், அல்லது கிளம்பாமல் உறுமி நிற்கும். சுருள் வகை எக்ஸ்டென்ஷன் என்றால் முழுக்க அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். ஈரத்தில் நிற்கிற வேலை என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் இந்த மெஷினை மாட்டவே கூடாது.

என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

ட்ரிகரை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும் ஏற்பாடு இப்போது பெரும்பாலான மெஷின்களில் இருக்கிறது. விட்ட பிறகும் சில நொடிக்கு ஒருமுறை "டுக், டுக்" என்று தானாக ஓடி நின்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது. வரிசையாகப் பாருங்கள்: கன் முனையில் சொட்டுகிறதா, ஹோஸ் இணைப்பின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிய்ந்திருக்கிறதா. வெளியே எதுவும் இல்லையென்றால் பம்ப்பின் வெளிவாய் வால்விலோ பைபாஸ் பிஸ்டனின் ஓ-ரிங்கிலோ கசிவு. பத்து ரூபாய் ஓ-ரிங்கில் முடிகிற வேலை. ஆனால் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் உள்ளே இருக்கும் சுவிட்சில் பொறி பறந்து அது கருகும், மோட்டாரும் சேர்ந்து சூடாகும். தானாக நின்றுவிட்டதே என்று மெஷினை ஆன் நிலையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் இதனால்தான் வேண்டாம் என்பது.

அடி ஏறி இறங்கி வருகிறது, ஹோஸ் ஒரே தாளத்தில் உதறுகிறது என்றால் முதலில் தண்ணீர் வரத்து, ஃபில்டர், உள்வாய் இணைப்பில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷர் இல்லாத இணைப்பு தண்ணீரைக் கசியவிடாமலே காற்றை உறிஞ்சும். எல்லாம் சரி, தாளம் மட்டும் நிற்கவில்லை என்றால் ஆறு வால்வில் ஒன்றில் மணலோ பொருக்கோ சிக்கியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றி வால்வுகளை எடுத்துக் கழுவிப் போட்டால் சரியாகும். போல்ட்டை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கமாக முறுக்கினால் ஹெட் வெடிக்கும்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. அணைத்துவிட்டு ட்ரிகரை அழுத்தி உள்ளே தேங்கிய அழுத்தத்தை விடுங்கள், பிறகு முயலுங்கள். அப்படியும் இல்லையென்றால் இண்டக்‌ஷன் மெஷினில் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த மெஷின் என்றால் சீல் ஒட்டிப்போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் விசிறிப் பக்கம் கையால் சுற்றி விடுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் தண்ணீரோடு ஓட்டினால் இந்த வேலை வராது.

அடியில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது சகஜம். தொடர்ந்து ஒழுகினால் பிஸ்டன் சீல். ஆயில் பார்க்கும் கண்ணாடி உள்ள மெஷினில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயில் அறைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். சீல் செட்டை மாற்றி, ஆயிலையும் மாற்ற வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் மறுபடி வெளுக்கும். சின்ன மெஷின்கள் பலவற்றில் ஆயில் அறை மூடியே இருக்கும், பார்க்க வழி கிடையாது.

அடிக்கும் முறை

தரைக்கும் சுற்றுச்சுவருக்கும் 15 அல்லது 25 டிகிரி விசிறி நாசில், காருக்கு 40. ஊசி போல அடிக்கும் 0 டிகிரியை வீட்டில் எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. கார் பெயிண்டுக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி. சரளை பட்டுப் பெயிண்ட் உரிந்த இடத்தில் அதுவும் நெருக்கம்தான். டயரின் பக்கச் சுவரில் கிட்டே வைத்து அடித்தால் உள்ளே இழை பிய்யும், வெளியே தெரியாது. ஏ.சி. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடு மடங்கும். பைக் செயின், வீல் பேரிங், மின்சார ஸ்கூட்டரின் சார்ஜிங் வாய் எல்லாம் விலக்க வேண்டிய இடங்கள். மாடித் தட்டோட்டில் சந்துப் பூச்சைக் கிளப்பிவிட்டால் மழையில் கீழே ஒழுகும், ஆகவே அங்கே 40 டிகிரியில் சற்றுத் தள்ளி நின்று பொறுமையாக.

நுரைக் குப்பி வாங்கி நுரையே வரவில்லை என்று புலம்புகிறவர்கள், அதற்குள் இருக்கும் ஓட்டையின் அளவைப் பாருங்கள். பொதுவாக வருவது 1.25 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7 லிட்டருக்குக் கீழே உள்ள மெஷினுக்கு 1.1 மில்லிமீட்டர் போட வேண்டும். தனியாகவே விற்கிறார்கள்.

கையிலோ காலிலோ இந்த ஜெட் பட்டுத் தோலுக்குள் போனால், வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராதீர்கள். தண்ணீரும் அழுக்கும் தசைக்குள் ஆழமாகப் போயிருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போய் "ஹை பிரஷர் தண்ணீர் உள்ளே போனது" என்று சொல்ல வேண்டும். செருப்போடு மாடி கழுவுவதும், குழந்தை பக்கத்தில் நிற்க கார் கழுவுவதும் இதை அறியாததால் நடப்பவை.

எடுத்து வைக்கும்போது குழாயை மூடி, சுவிட்சை அணைத்து, ட்ரிகரை அழுத்தி அழுத்தத்தை விட்டு, ஹோஸைக் கழற்றி, சில நொடி ஓடவிட்டு உள்ளே தங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். அந்தச் சில நொடி மட்டும் தண்ணீரில்லாமல் ஓடலாம், அதற்கு மேல் கூடாது. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள் குளிர்காலத்தில் மெஷினை கராஜில் விட்டுவிட்டால் மிச்சத் தண்ணீர் உறைந்து ஹெட்டைப் பிளந்துவிடும். வீட்டுக்குள் வையுங்கள், அல்லது பம்ப்புக்கான உறைவுத் தடுப்புத் திரவம் ஏற்றுங்கள்.

ஹெட் வெடித்தாலோ யுனிவர்சல் மோட்டாரின் வைண்டிங் கருகினாலோ சின்ன மெஷினை ரிப்பேர் செய்ய வேண்டாம், செலவு புது விலையைத் தொடும். மற்றபடி சீல், வால்வு, பிரஷ், சுவிட்ச், கண்டன்சர் எல்லாமே மாற்றத் தக்கவை. முதலில் போவது கூட வரும் 5 மீட்டர் பிளாஸ்டிக் ஹோஸ்தான். மடிந்த இடத்தில் வெடிக்கும். மாற்று ஹோஸ் வாங்கும்போது எம்22 மரை என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதன் நடுவில் நுழையும் குழல் 14 மில்லிமீட்டரிலும் வருகிறது, 15 மில்லிமீட்டரிலும் வருகிறது. மரை இரண்டிலும் ஒன்றே என்பதால் முறுக்க ஒழுங்காகப் போகும். 15-க்கான வாயில் 14 போட்டால் பீய்ச்சும். 14-க்கான வாயில் 15 நுழையாது. பழைய ஹோஸின் முனையை வெர்னியரால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.